கடைக்கு என் பெயரில் ஒரு கணக்கு

அல்லிநகரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மஸ்கட்டில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். பக்கத்து வீட்டு ஜாஸ்பர் நாளைக்கு அங்கே புறப்படுகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்து விடுகிறேன், போனில் நீ கடையைப் பற்றிக் கேட்டாலே எனக்குப் பேச்சு வருவதில்லை.

அப்பா போய் நாலு மாதம் ஆகிறது. நான் அழவில்லை என்று சபையில் எல்லாருக்கும் கவலை, எனக்கு அதுகூட இல்லை, சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், கடையைத் திறக்கிறேன், பூட்டுகிறேன். அப்பா ஒருவர் பெயரில் இருந்ததால் கடையின் கரண்ட் அக்கவுண்ட்டை பேங்கில் நிறுத்திவிட்டார்கள், என் பெயரில் புதிதாகத்தான் தொடங்க வேண்டுமாம். மேனேஜர் உமாதேவி நல்ல பெண், ஆதாரும் பான் கார்டும் போதாதும்மா, கடை ஒங்களுதுன்னு காட்ட ரெண்டு சான்று வேணும், வாடகை ஒப்பந்தமும் வேணும்னு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், எந்தத் தோட்டத்துக்கு எத்தனை இஞ்ச் பைப் என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பேன், என் பெயர் போட்ட காகிதம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அதற்கும் வருத்தம் வரவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆடிட்டர் விஜயகுமார் ஜிஎஸ்டி சான்று, சிறுதொழிலுக்கான உத்யம் சான்று இரண்டையும் என் பெயரில் வாங்கிக் கொடுத்தார். வாடகை ஒப்பந்தத்துக்குத்தான் கட்டிடக்காரர் தவசி இழுத்தடித்தார். ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குக்கா இந்த அலைச்சல், பேசாம மக வீட்டுக்குப் போங்க, கடையை வேற ஆளு கேக்குறாகன்னார். போனில் நீயும் அதையேதானே சொன்னாய், அதனால் திரும்பிவிடலாம் என்று பையை எடுத்தேன். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் ராக்கம்மாள் வந்து, ஞானதுரை அண்ணன் நெஞ்சுவலின்னு கெடந்த ரெண்டு வருசமும் கடையை ஓட்டுனது யாரு, மொதல்ல கையெழுத்தப் போடுங்கன்னு ஒரு அதட்டு போட்டாள். அவரும் போட்டுவிட்டார். அவளுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை பார்.

பேங்கிலிருந்து ஆள் வந்து கடைப் பலகையோடு என்னை நிற்க வைத்துப் படம் எடுத்துப் போனார். செவ்வாய்க்கிழமை போய் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். நாமினி என்ற இடத்தில் யோசிக்காமல் எழுதிவிட்டுப் பார்த்தால் ஞானதுரை என்று இருக்கிறது. உமாதேவி அதைப் பார்த்துவிட்டு வேறு விண்ணப்பம் எடுத்து வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, மெதுவா எழுதுங்கம்மா, அவசரம் இல்லேன்னாள். உன் பெயரை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அப்பா இல்லை என்பது எனக்கு உறைத்தது, அத்தனை பேர் முன்னால் அங்கேயே அழுதுவிட்டேன்.

கணக்கு தொடங்கியாயிற்று. அதனால் இப்போதைக்கு நான் அங்கே வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஜாஸ்பரிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்திருக்கிறேன், எண்ணெய் கசிந்திருந்தால் வேறு பாட்டிலுக்கு மாற்று. உன் ஆதார் நகலை மறக்காமல் அனுப்பு, உமாதேவி கேட்டிருக்கிறாள். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
ஜெபராணி