வீடு வீடாகச் சாப்பிட்டவளுக்கு

இன்று மதியம் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள சோற்றுக்கடையில் புளிச்சக்கீரையை ஙாப்பி போட்டு வதக்கினார்கள். மீனை நொதிக்கவைத்து அரைத்த அந்த விழுதின் வாடை மாடிப்படி ஏறி என் மேசைவரை வந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் பசிக்கிறது என்று எழுந்து போனார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஙாப்பி என்றாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நீ. நாம் படித்த ரங்கூன் பள்ளியில் எந்த பர்மியப் பிள்ளையாவது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால், யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் திட்டுவாய். அப்படிப்பட்டவள் பின்னாளில் ஒரு கிராமத்தின் அத்தனை வீட்டு ஙாப்பியையும் ருசி பார்த்தாய். அதைப் பற்றி உன்னிடம் நான் ஒருமுறைகூட மெச்சிப் பேசியதில்லை. நம் இருவருக்கும் அது பழக்கமில்லை.

பேறுகாலத் தாதிப் படிப்பு முடிந்ததும் ரங்கூன் ஆற்றின் அக்கரையில், டாலாவுக்கு அப்பால், வாய்க்கால் கரைக் கிராமம் ஒன்றின் சுகாதார நிலையத்தில் உன்னைப் போட்டார்கள். ஒற்றை அறை, தகரக் கூரை, ஓர் அலமாரி. ஊரார் உன்னை மரியாதையாக சயாமா என்று அழைத்தார்கள். புதிதில் அந்த அலமாரியைத் திறந்து கல்யாணச் சீர் காட்டுவதுபோல எனக்குக் காட்டினாய். இரும்புச்சத்து மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, சலைன் பாட்டில், பஞ்சு எல்லாம் இலவசமாக அரசாங்கத்திலிருந்து வந்தவை. பிறகு வரத்து குறைந்தது. ஒரு கட்டத்தில் குழந்தைகளின் தடுப்பூசி மட்டும் வந்தது. மற்றதை நோயாளிகளே வாங்கிக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வாங்குவதென்றால் ஆற்றைக் கடந்து ரங்கூன் கடைகளுக்கு வர வேண்டும். வயல் கூலிக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் உன் சம்பளத்தில் நீயே வாங்கிப் போனாய்.

சில மாதங்களில் நிலையத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்து, "ஊரே நல்லா இருக்குடி. நான் சும்மா ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று சிரித்தாய். எனக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது.

மா தின் என்ற பெண் அப்போது நிறைமாதம். நிலையத்துக்கு எதிர்வரப்பில்தான் அவள் வீடு. நீ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரிப்பாளாம், லுங்கியை இழுத்துப் பாதங்களை மூடிக்கொள்வாளாம். மதிப்புக்குரியவர் முன்னால் காலை மறைத்து உட்காருவது இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த மரியாதை. நீயும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாய்.

ஒரு முற்பகலில் அவளுக்கு வலிப்பு வந்தது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடியபோதுதான் லுங்கி விலகி, நீர் கோத்துப் பூசணிபோல வீங்கிய கால்களைப் பார்த்தாய். ரங்கூன் பெரிய மருத்துவமனையில் ஊசி, கையுறை, சலைன் எல்லாவற்றையும் எதிர்க்கடையில் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்குவதற்கு, செய்தி கேட்டு வந்திருந்த நானும் அவள் கணவரும் ஓடினோம். மா தின் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அவளுக்கு நினைவு தெளிந்த பிறகு நீ மெதுவாகக் கேட்டாய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"உங்க சம்பளத்துல தானே மருந்து வாங்குறீங்க, சயாமா. எத்தனை பேருக்குத்தான் வாங்குவீங்க? ஆனாதெ."

பிறருக்குச் சிரமம் கொடுக்க மனம் கூசுவதற்கு பர்மியர்கள் சொல்லும் வார்த்தை அது. ஊர் நன்றாக இருக்கவில்லை. சயாமாவுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று வீட்டுக்கு வீடு காய்ச்சலையும் இருமலையும் உன்னிடமிருந்து மறைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு, அத்தனை அன்பாக.

வராந்தா பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாய். பிறகு, "அங்க நான் குடுக்கிறவளா மட்டுமே இருந்துட்டேன்டி. யார்கிட்டயும் எதுவும் வாங்கல" என்றாய். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

அடுத்து நீ செய்ததை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சமைப்பதை நிறுத்திவிட்டாய். காலையில் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். புத்த பிக்குகள் பிச்சை வாங்க வந்து போன தெருவிலேயே, அவர்கள் போன பிறகு நீ போவாய். ஒரு வீட்டில் ஒரு கரண்டிச் சோறு, இன்னொன்றில் கீரை, அடுத்ததில் ஙாப்பி. வாங்கிக்கொண்டு வராமல் அங்கேயே உட்கார்ந்து ஒரு கவளம் சாப்பிடுவாய். காரம் போதவில்லை என்று குறையும் சொல்வாய். முதலில் பதறிப்போனவர்கள் பிறகு கேலி செய்தார்கள். நான் வந்திருந்த ஒரு நாள் ஒரு கிழவர் என்னிடம் கேட்டார், "உங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லாருக்கும் இவ்வளவு பெரிய வயிறா?"

உன் அம்மாவுக்குச் செய்தி எட்டியதும் வீட்டில் பெரிய கூத்து. "வீடு வீடா தூக்கேந்தவா உன்னை நர்ஸுக்குப் படிக்க வெச்சேன்?" என்று சத்தம் போட்டார்கள். "சாமியாரு வாங்கினா புண்ணியம், நான் வாங்கினா மட்டும் பிச்சையாம்மா?" என்று நீ வெங்காயம் உரித்தபடியே கேட்டாய். அம்மா சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்குப் போனதை நான் பார்த்தேன்.

அலமாரி நிறையவில்லை. அதை உன்னால் நிறைக்க முடியாது. ஆனால் காய்ச்சல் கண்ட அன்றே உன் காதுக்குச் செய்தி வந்தது. நகரத்துக்குப் போகிறவர்கள் என்ன வாங்கிவர வேண்டும் என்று வாசலில் நின்று கேட்டார்கள். உனக்குச் சோறு போட்டவர்கள் என்ற அதிகாரத்தோடு கூப்பிட்டார்கள்.

மா தின் மறுபடி கர்ப்பமானாள். அன்று நான் நிலையத்தில் உன்னோடு இருந்தேன். படி ஏறி வந்தாள், உனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு கால்களையும் நேராக உன் முகத்துக்கு எதிரே நீட்டி, லுங்கியை முழங்கால்வரை தூக்கினாள்.

"பாருங்க சயாமா. நேத்துலேருந்து வீங்குது."

இந்த நாட்டில் நான் பார்த்ததிலேயே மரியாதை கெட்ட காரியம் அது. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை. நீயோ அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாய். அன்றைய படகிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தாய். அவளுக்குப் பிறந்த பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அவள் பிறந்ததற்கு அடுத்த மழைக்காலக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை. நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன், அவற்றிலும் கிடைக்கவில்லை.

நான் இப்போது ரங்கூனின் புறநகரான ஷ்வேப்யிதாவில் இருக்கிறேன். பக்கத்து அறையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு கிராமத்துப் பெண். சுவருக்கு அந்தப் பக்கம் தலையணையில் முகம் புதைத்து இருமுவாள். கேட்டால் ஒன்றுமில்லை அக்கா என்பாள். யாரிடமும் எதுவும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். போன வாரம் அவள் கதவைத் தட்டி, "துணி மாட்டுற கொடி அறுந்துபோச்சு, கட்டத் தெரியல. கட்டித் தர்றியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் நாற்காலி மேல் ஏறி இறுக்கிக் கட்டினாள், முடிச்சைச் சரிபார்த்தாள், என் கட்டுமானத் திறமையைக் கேலி செய்தாள்.

நேற்று மாலை அவளே வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சளியில் ரத்தம் வருகிறது என்றாள்.

நாளை காலை நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போகிறோம்.