ஏழாம் நம்பர் ஷெட்டின் மேல் விழுந்த பழி

என் மாப்பிள்ளை செல்லமுத்துவுக்கு,

நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. உன் அக்கா நன்றாக இருக்கிறாள். முட்டிவலிதான் அவளை விடவில்லை. அவள் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கே உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கோழிப்பண்ணைக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, செல்லமுத்து. வந்த மூன்றாம் மாதமே அது உன்மேல் ஒரு பழியைச் சொன்னது.

கம்ப்யூட்டர் என்றால் உனக்கு எப்படி விளக்குவது? சின்ன டி.வி. மாதிரி ஒரு பெட்டி. அதன் முன்னால் டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். இருபத்தோராம் நூற்றாண்டே வந்துவிட்ட மாதிரி பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். முதலாளி அதற்கென்று ஆபீசில் ஓர் அறையை அடைத்து ஏ.சி. போட்டார். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது நீ நான்கு ஃபேன் கேட்டாயே, கிடைத்ததா? கூரைமேல் ஈரச்சாக்கைப் போட்டுக் குடம் குடமாக நீதான் தண்ணீர் ஊற்றினாய். இந்தப் பெட்டிக்கு மட்டும் கேட்காமலே குளிர் கிடைத்தது. அன்றைக்கே எனக்கு அதன்மேல் சந்தேகம்.

எந்த ஷெட்டில் எத்தனை கோழி செத்தது என்று தினமும் நான் எழுதிவைக்கும் சாவு நோட்டுகள் உனக்குத் தெரியும். நீ இருந்த கடைசி ஆறு வருஷத்து நோட்டுகளும் அந்த அறைக்குப் போயின. டைப்பிஸ்ட் சரோஜினி நினைவில் இருக்கிறாளா? அம்மாபேட்டையிலிருந்து ராசிபுரம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் அந்த அம்மாள்தான். பெட்டி வருவதற்கு முன்பே அவளைச் சேலத்தில் மூன்று மாதம் படிக்க அனுப்பியிருந்தார்கள். அவள் நோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினாள். ஒருநாள் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளத் தாள் ஒன்று கரகரவென்று வெளியே வந்தது. பன்னிரண்டு ஷெட்டில் அதிகச் சாவு ஏழாம் நம்பர். ஆறு வருஷமும் ஏழாம் நம்பர்தான்.

உன் ஷெட்.

முதலாளி தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். “செல்லமுத்து தங்கமான மனுசன்தானுங்க. ஆனா கைராசி இல்லாத ஆளுன்னு இப்பத்தான் தெரியுது. பாவாயியும் அவருகிட்டப் பாத்துப் பழகுனதுதானுங்களே? இந்த பேட்ச் கோழி கழிஞ்சதும் அங்க வேற ஆளப் போட்டுக்கலாம்” என்றார்.

நீ போனதிலிருந்து உன் மனைவி பாவாயிதான் அந்த ஷெட்டைப் பார்த்துக்கொள்கிறாள். வேலை போனால் பண்ணைக்குள் இருக்கும் வீட்டையும் அவள் விட வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“பொட்டி பொய் சொல்லுதுங்க மொதலாளி” என்றேன்.

“ஏனுங்ணா, அதுக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது ஆருங்க?”

அதைத்தான் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் இங்கிலீஷ் மருந்து பாட்டில் லேபிளைப் பார்த்து நானே படித்துக்கொண்டது. யாரும் எனக்கு எதையும் சொல்லித்தந்ததில்லை. இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மறுநாள் மத்தியானம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

“ஏனம்மிணி, ஏ-க்குப் பக்கத்துல பி-யக் காணோம்?”

“கீழ் வரிசையில இருக்குதுங்கய்யா. டைப்ரைட்டர்லயும் இப்படித்தானே?”

“ஒழுங்கா இருந்த எழுத்தக் கலச்சுப் போட்டவன் எதையோ மறைக்கத்தான் போட்டிருக்கோணும்.”

“ஐயா, அது ஆட்டாங்கல்லு இல்லீங்க. மெதுவாத் தொட்டாலே போதும்.”

நான் அழுத்திப் பிடித்ததில் ஒரே எழுத்து திரை முழுக்க ஓடியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். ‘பேட் கமாண்ட்’ என்று எழுதிக் காட்டியது. ‘பேட்’ என்றால் மோசம் என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஒரே பண்ணையில் இருந்தவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இருபது நாள் இப்படிப் போயிற்று. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டு ஷெட் நம்பரையும் தேதியையும் எண்ணிக்கையையும் போடக் கற்றுக்கொண்டேன். போட்டதைத் திருப்பிக் கேட்கவும் கற்றுக்கொண்டேன்.

பிறகு அதற்கு ஒரு சோதனை வைத்தேன். இரண்டாயிரம் கோழி மட்டுமே இருக்கிற மூன்றாம் நம்பரில், ஒரே நாளில் ஐயாயிரம் சாவு என்று அடித்தேன். முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது.

“மாட்டிக்கிச்சு அம்மிணி! இருக்கறதே ரெண்டாயிரம், அய்யாயிரம் செத்துப்போச்சுன்னாலும் தலையாட்டுது பாரு!”

சரோஜினி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “நீங்க போட்டீங்க, அது வச்சுக்கிச்சு. கோழியப் பத்தி அதுக்கு என்னங்கய்யா தெரியும்?” என்று சொல்லி அழித்துவிட்டாள்.

அப்படியானால் தப்பாகப் போட்டது இவளாகத்தான் இருக்க வேண்டும். என் சந்தேகம் அவள் பக்கம் திரும்பியது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வரியாகத் திரையோடு ஒத்துப் பார்த்தேன். அவள் டிபன் டப்பாவைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு நாள் பார்த்தேன். ஒரு தப்பு இல்லை, மாப்பிள்ளை. அவளைச் சந்தேகப்பட்டதற்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

இனி மிச்சம் இருந்தது என் கையெழுத்து மட்டும்தான்.

சீக்கு பரவிய ஒரு மாதத்தின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நம்பரில் இரண்டு சாவு, ஐந்தாம் நம்பரில் ஒன்று. ஏழில் முப்பத்தெட்டு. அந்த மாதம் கண்முன் வந்தது. எந்த ஷெட்டில் கோழி தலையைத் தொங்கப்போட்டாலும் “ஏழுக்குக் கொண்டு போங்க” என்பதுதானே பேச்சு? சாயங்காலமானால் கூடை கூடையாக உன்னிடம் வரும். நீ ஒவ்வொன்றின் வாயையும் திறந்து மருந்து விடுவாய். பிழைத்ததெல்லாம் அதனதன் ஷெட்டுக்குத் திரும்பிப் போய்விடும். செத்தது மட்டும் உன் பெயரில் நிற்கும். ஊர்ச் சீக்கையெல்லாம் நீ வாங்கிக்கொண்டாய். வாங்கிக்கொண்டதை நான் எழுதவே இல்லை.

எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ ஒரு தரம் சொன்னாய். “மச்சான், வாரதையும் ஒரு ஓரமா எழுதி வச்சுருங்களேன்” என்றாய். நான் என்ன சொன்னேன்? “எழுதறது என்ர வேல. நீ கோழியப் பாரு.” நீ சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஏன் இரண்டாம் தரம் கேட்கவில்லை? உனக்கு வருத்தம் இருந்ததா?

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது நியாயம்தான். “அன்னிக்கு எழுதாதத இன்னிக்கு எப்படிங்ணா நம்பறது? சொந்தத்துக்காகப் பேசறீங்கன்னு நாலு பேரு சொல்லமாட்டாங்களா?”

இரண்டு நாள் நோட்டுகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் உன் அக்கா பேச்சுவாக்கில், “இந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க நம்ம ஊட்டுல இருந்து ஆருமே இல்லாமப் போச்சே” என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தேன்.

வருஷம் தவறாமல் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பாயே, மாப்பிள்ளை! நீ இல்லாத அந்த எட்டு ஒன்பது நாளும் ஏழுக்கு யாரும் கோழி கொண்டுபோக மாட்டார்கள். மருந்து விட ஆள் இல்லை. சீக்குக் கோழி அதனதன் ஷெட்டிலேயே கிடக்கும். லீவு நோட்டில் நீ போன தேதி, வந்த தேதி எல்லாம் இருந்தது. சரோஜினி பக்கத்தில் நின்று வழி சொன்னாள். நான் என் ஒற்றை விரலால் அடித்தேன். அந்த நாட்களை மட்டும் காட்டு என்று கேட்டேன்.

ஆறு தைப்பூசமும் தாளில் வந்தது. ஆறிலும் மற்ற ஷெட்டுகளில் சாவு ஏறியிருந்தது. ஏழில்தான் எல்லாவற்றையும்விடக் குறைவு. நீ திரும்பி வந்த தேதியிலிருந்து பழையபடி உன் எண்ணிக்கை ஏறியது, மற்றவர்களுடையது இறங்கியது.

முதலாளி அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார். “பாவாயி இருக்கட்டுங்ணா” என்றார் கடைசியில்.

பாவாயியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “அதத்தானுங்ணா அவரு அன்னிக்கே எழுதச் சொன்னாரு” என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது சீக்குக் கோழி எந்த ஷெட்டிலிருந்து வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று தினமும் நானே அடிக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியை நான் நம்பிவிட்டதாக நினைக்காதே. மொத்தம் கேட்டால் அது இன்றைக்கும் உன் ஷெட்டைத்தான் முதலில் சொல்கிறது. அந்த ஆறு வருஷத்தை இனித் திருத்த முடியாது. எழுதாமல் விட்டதை எங்கிருந்து எடுப்பது? அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உன்னைப் பற்றி இரண்டு வரி சேர்க்க முடியுமா என்று சரோஜினியிடம் கேட்டேன். எண் போடும் இடத்தில் எழுத்து நிற்காதாம். புதிதாக ஓர் இடம் உண்டாக்க வேண்டுமாம். அது அவளுக்கே இன்னும் தெரியாதாம்.

தெரியாவிட்டால் நான் படித்துக்கொள்கிறேன். கனமான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அந்த அறையில் இருக்கிறது. பதினாறாம் பக்கத்தில் இருக்கிறேன். இனி யார் அந்தத் தாளை எடுத்தாலும், உன் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தக் கோழிகள் மற்ற ஷெட்டுகளிலிருந்து வந்தவை என்பதும் சேர்ந்தே வரும். அதைச் செய்யாமல் நான் இந்த வேலையை விட்டு இறங்கமாட்டேன்.

சொன்னபோது எழுதாத உன் மச்சான்,
நல்லதம்பி