நின்றுபோன ரத்தம்

என் அருமைக் கோபக்கார அண்ணா,

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கு உட்கார்ந்து எழுதக்கூட முடியவில்லை. நாலு வரி எழுதுவதும், எழுந்து வாசலுக்குப் போய் இவர் வருகிறாரா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன்.

உன் மச்சானைத்தான் சொல்கிறேன். போன வாரம் கக்கூஸ் கழுவப் போன இடத்தில் சிவப்பாகப் பார்த்தேன். கேட்டதற்கு, "கரும்பு வெட்டுல வெயில் ஜாஸ்தி. சூடு புடிச்சிக்கினு இருக்கு. வலி ஒண்ணும் இல்ல, நீ ஊரக் கூட்டாத" என்றார். நீ சொன்ன அதே சொல். ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்தவர்கள், பேச்சு மட்டும் வேறாகவா இருக்கும்?

உனக்கு முதல் தடவை ஒண்ணுக்கில் ரத்தம் வந்தபோது நாம் என்ன செய்தோம்? இளநீர், வெந்தயம், உச்சந்தலையில் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று தெருவெல்லாம் நானே சொன்னேன். நாலு மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி இளநீர், மறுபடி நின்றது. வலியே இல்லை. வலித்திருந்தாலாவது டாக்டரிடம் போயிருப்பாயா?

பிறகு இடது கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, அந்தக் கட்டி. நெறிகட்டினால் எங்கே புண் இருக்கிறது என்று தேடுவதுதானே நம்மூர் வழக்கம்? தேடினோம். காதில் இல்லை, தலையில் இல்லை. கடைசியில் உன் சொத்தைப்பல்லைக் கண்டுபிடித்தது நான்தான். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏற்றி, கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்க வைத்தேன். கட்டியின்மேல் சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டேன். கட்டி கரையவில்லை, தோல்தான் வெந்தது. எரிகிறது என்றுகூட நீ சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்துப் பரிசோதித்த டாக்டர், "சிறுநீர்ப்பையில வந்த கேன்சர்மா. நெறி வழியா கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு" என்றார்.

"பை எங்க கீது, கழுத்து எங்க கீது சார்?" என்று சண்டைக்கே போனேன்.

"முன்னாடி ரத்தம் போச்சா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். உனக்கு என்மேல் கோபம் இருந்ததா அண்ணா? கடைசிவரை கேட்கவே இல்லை.

அண்ணி நன்றாக இருக்கிறாள். வெள்ளிமலைப் பக்கம் நல்ல மழை, கோமுகி அணையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. வேறு நல்ல சேதி என்னிடம் இல்லை.

இன்று காலை இவர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா, நின்னுபோச்சு. சும்மா பயந்துக்கினு கெடந்த."

ரத்தத்தைப் பார்த்த அன்றுகூட இவ்வளவு பயப்படவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றேன்.

"இன்னாடி இது, நின்னதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கத்தினார்.

"எங்கண்ணனுக்கும் நின்னுதான் போச்சு" என்றேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எங்கே போனார், என்ன யோசிக்கிறார், ஒன்றும் தெரியவில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவரை ஏற்றிவிடுவேன், கையைப் பிடித்து இழுத்தாவது. டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். ரத்தம் வந்தது, வலியில்லாமல் வந்தது, தானாக நின்றது என்று நானே சொல்லிவிடுவேன். வெறும் சூடுதான் என்று டாக்டர் திருப்பி அனுப்பினால், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். உனக்குச் செய்யத் தெரியாததை இவருக்குச் செய்யப்போகிறேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி