ஆடாத படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ விண்வெளியிலிருந்து தரையிறங்கி, உன்னைப் படுக்கவைத்துப் பரிசோதித்து முடித்த பிறகு, உங்கள் குழுவின் டாக்டரம்மா இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பார். அப்படித்தான் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எழுந்து உட்கார வேண்டாம். படுத்தபடியே படி.

வீட்டில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றியாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். மாடி அறையை உனக்காகத் துடைத்து வைத்திருக்கிறேன். இப்படியே சுற்றி வளைத்துக்கொண்டிருந்தால், “விஷயத்துக்கு வாங்கப்பா” என்பாய். வருகிறேன். பாப்பா, அம்மா இல்லை. நீ மேலே போன இரண்டாவது மாதமே போய்விட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அதிகம் கஷ்டப்படவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் பதிலை நீயே சொல்லிவிட்டுத்தான் போனாய். கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தாய். “வீட்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா மேல இருக்கும்போதே சொல்லணுமா, வேண்டாமான்னு எங்ககிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குவாங்கப்பா. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். தெரிஞ்சாலும் என்னால வர முடியாது. என் கை நடுங்கினா கூட இருக்கிறவங்க உயிருக்கும் ஆபத்து” என்றாய். அம்மாவுக்கு வந்ததே கோபம். “ஊருக்குக் கிளம்புற நேரத்துல பேசற பேச்சைப் பாரு” என்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே இருந்தபடியே, “அவ சொன்ன மாதிரியே செஞ்சுடுங்க” என்று எனக்குக் குரல் கொடுத்தாள். உங்கள் இருவர் பேச்சையும் நான் என்றைக்குத் தட்டியிருக்கிறேன்?

உன் வேலையில் கற்றுக்கொண்டதையெல்லாம் எங்களுக்கும் பாடம் எடுப்பாயே, ஞாபகமிருக்கிறதா? கட்டி வைக்காத பொருள் காணாமல் போகும் என்று நீ சொன்னதைக் கேட்டு, நான் மூக்குக்கண்ணாடிக்கு நாடா கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். “நம்ம வீடு எப்பங்க மிதக்க ஆரம்பிச்சுது?” என்று அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். அபாய மணி அடித்தால் முதலில் வேலை, பயமெல்லாம் அப்புறம், அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை மட்டும் பார் என்பாய். அன்றைக்கு அதைத்தான் செய்தேன். வண்டிக்குச் சொன்னேன், அவளுடைய மாத்திரைப் பையை எடுத்தேன், கதவைப் பூட்டினேன். பஸ் ஓட்டிய காலத்தில்கூட எனக்கு அவ்வளவு நிதானம் இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்திருந்தாய். முக்கியமான விஷயத்தை ஒருவர் சொன்னால், அதை நம் வாயால் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், அப்போதுதான் தப்பு நடக்காது என்று. ஆஸ்பத்திரி டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். “என் சம்சாரம் செத்துப்போயிட்டான்னு சொல்றீங்க. சரிதானே?” அவர், “சரிதாங்கய்யா” என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார். எங்கேயாவது தப்பாகக் கேட்டிருக்கமாட்டேனா என்ற நப்பாசைதான் பாப்பா, வேறொன்றுமில்லை.

அதற்கப்புறம் வந்தது உன்னோடு பேசுகிற ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் போனைப் பிடிக்கிறவள் அம்மாதானே. அவள் கையில் போன் இருந்தால் உனக்குத் தெரிவதெல்லாம் என் பாதி நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும்தான். “ஆட்டாம பிடிம்மா, எனக்குத் தலை சுத்துது” என்பாய். தலைகீழாக மிதந்துகொண்டே இதைச் சொல்வாய். அன்றைக்கு நான் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, போனை அலமாரியில் இரண்டு டப்பாக்களுக்கு நடுவே நேராகச் செருகிவைத்தேன். அம்மாவுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை என்று சொல்வதற்கு, காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். “இன்னிக்குப் படம் ஆடவே இல்லப்பா” என்றாய். அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றேன். “நல்லாத் தெரியுதுப்பா” என்றாய். நீ கேட்காமலே நான் தொண்டைக்கட்டைப் பற்றிச் சொன்னேன். வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள் என்றதோடு விட்டுவிட்டாய். அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன், மடையன்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு பேசிவிட்டோம். ஒரு தடவைகூட அம்மாவைக் கூப்பிடச் சொல்லவில்லை நீ. போன வாரம், “என்னப்பா சமைச்சீங்க?” என்று கேட்டாய். நானும் சோறும் முட்டையும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்புப் பக்கமே போகாத மனிதனிடம் யாராவது அப்படிக் கேட்பார்களா? அதே நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வந்து விளக்கைப் போடும்வரை எழுந்திருக்கவில்லை.

உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, யாராவது சொல்லிவிட்டீர்களா என்று சண்டைக்கே போனேன். பாவம், அவர் யாரும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வேலை முடிந்ததும் நீ ஜன்னலை விட்டு நகர்வதில்லையாம், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம் என்றார். அங்கே அழுதால் கண்ணீர் கீழே விழாதாமே? உருண்டையாகக் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு நிற்குமாம், துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமாம். இதையும் அவர்தான் சொன்னார். ஆயிரம் பாடம் எடுத்தவள் இதை மட்டும் எங்களுக்குச் சொல்லவே இல்லையே கண்ணு. கிழவன் தனியாக இருக்கிறான், உடைந்துபோவான் என்று பயந்து, என் பொய்க்கு நீ தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஒருவேளை எல்லாம் என் நினைப்புதானோ, இந்தக் கடிதத்தில்தான் நீ முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறாயோ, எனக்குத் தெரியாது. அப்படியானால் இந்த அப்பாவை மன்னித்துவிடு. நீ நல்லபடியாக இறங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. இறங்கிவிட்டாய். நூறு வயது வாழ வேண்டும் நீ.

நான் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடச் சொல். உள்ளே வந்தவுடன், நல்லா இருக்கீங்களாப்பா என்று ஆரம்பித்துவிடாதே. எனக்குத் தைரியமும் சொல்லாதே. “அம்மா எங்கப்பா?” என்று ஒரு தடவை கேள். எவ்வளவு அழுகை வந்தாலும் கேட்டுவிடு. பொய்யை ஒத்திகை பார்த்த இந்த வாயால் உன்னிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நீ கேட்டால்தான் எனக்கு அழ வரும் பாப்பா, இன்னும் நான் அழவில்லை.

உன்
அப்பா