பொடி எழுத்து

ஓய்வுபெற்ற போதகர், கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த மனைவிக்காகத் தடித்த பேனாவால் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார்:

"சூப் அடுப்புல இருக்கு. உப்பு கம்மிதான், திட்டாதே. குழாய்க்காரர் வந்தா மொட்டைமாடிச் சாவி ஆணியில மாட்டியிருக்கு. கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் கதை படிச்சுக் காட்டிட்டு வந்துடுறேன்."

பார்வை மங்கிய அந்தத் தையல்காரரால்தான் நேற்றுச் சண்டை. "ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுறீங்க. நான் மட்டும் சுவத்தப் பாத்துக்கிட்டு கெடக்கணுமா?" என்று கேட்டவள், அதன்பின் கணவரோடு பேசவில்லை.

தாளில் இடம் தீர்ந்துவிட்டது. அடி ஓரத்தில் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினார்: "நீ கேட்டது நியாயம். கதையில நல்ல இடம் வந்தா, நிமிந்து உன்னைத்தான் தேடுறேன்."

செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது, இவ்வளவு சின்ன எழுத்தை அவளால் படிக்க முடியாதென்று. சீட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

"கடைசி வரிய மட்டும் நானே படிச்சிடுறேன்."

படித்தார். அவள் அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அந்தக் கதைய முதல்லேருந்து படிங்க."

"தையல்காரர் காத்துக்கிட்டு இருப்பாரே?"

"அவரையும் மேல கூட்டிட்டு வாங்க. இருக்கிற சூப் மூணு பேருக்குக் காணும்."