கீரைக்கு அடிக்கல

ஜூலை 7
நாமக்கல் அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து நானும் ஜோயாவும். எலுமிச்சைச் சாற்றைச் சுண்டவைத்து நானோ கார்பன் துகள் எடுத்தோம். தண்ணீரில் கலந்து ஊதா டார்ச் அடித்தால் நீலமாக ஒளிரும். களைக்கொல்லி பட்ட கீரைச்சாற்றை விட்டால் மங்கும். ஜோயா வீட்டு மாடிக் கீரை ஒளிர்ந்தது. கடைக்கீரை மங்கியது. எங்கள் தோட்டத்துக் கீரை — அணைந்தே போச்சு! உழவர் சந்தையில் 'மருந்தடிக்காத கீரை' என்று போர்டு வைத்து அம்மா விற்கிற கீரை!
டார்ச் பேட்டரிதான் போயிருக்கும்.

ஜூலை 8
பேட்டரி போகவில்லை.

ஜூலை 9
மறுபடி அணைந்தது. அமுதவல்லி மிஸ் நேராக என்னைப் பார்த்தார். போன வருஷம் லிட்மஸ் டப்பாவில் நான் குறும்புக்கு மஞ்சள்தாள் வைத்ததை மறக்கவே மாட்டார் போல.
"அறிவுச்செல்வி, எதைக் கலந்தே? இருக்கிற அறிவை இப்படியா செலவழிப்பே? திங்கட்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா ஜோயா மட்டும் போவா."
ஜோயா காதைக் கடித்தாள்: "ஏய், நெசமாவே நீ இல்லதானே?"
இவளுமா! அதிசயமாக உண்மை பேசினால் ஒருத்தியும் நம்பமாட்டேங்கறா.

ஜூலை 10
"கீரைக்கு மருந்தடிச்சியாம்மா?"
"கீரைக்கு எதுக்கு அம்மிணி மருந்து? பொய் சொல்லியா யாவாரம் பண்றேன்?"
கோபித்துக்கொண்டு தண்ணி கட்டப் போய்விட்டாள். அப்போ பொய் சொல்வது யார், துகளா?

ஜூலை 11
தோட்டத்துக்கே போனேன். பாத்தியில் கீரை பச்சை. ஒட்டியிருக்கும் வரப்பில் புல் மட்டும் கருகிக் கிடக்கிறது.
"இது என்னம்மா?"
"அது புல்லுக்கு அடிச்சது. கீரைக்கு அடிக்கல."
ஐயோ! நான் கேட்டதும் கீரைக்கு, அவள் சொன்னதும் கீரைக்கு. நான்காம் வேற்றுமை பார்த்து வரப்போடு நின்றுகொள்ள, காற்று என்ன இலக்கணமா படித்திருக்கிறது?
அம்மா வரப்பையே பார்த்தாள். "காத்துல கீரைக்குமா வந்திருக்கும்?"
எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜூலை 14
கருகிய புல்லோடு போய் மிஸ்ஸிடம் சொன்னேன். "நீயும் கண்காட்சிக்குப் போ" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். 'மன்னிச்சுக்கோ' என்பதை மட்டும் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது.

ஜூலை 19
அம்மா போர்டை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினாள். களைக்கொத்தை என் கையில் திணித்தாள்.
"உன்ற நீலம் திரும்பி வார வரைக்கும் வரப்பு உனக்குத்தான். மருந்தும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."
"அப்போ இனிமே அடி புல்லுக்கா, எனக்காம்மா?"
முதுகில் ஒன்று விழுந்தது. யாருக்கு என்பதில் இந்த முறை குழப்பமே இல்லை.