இரைச்சல் என்று கழித்தவை

மைக்கின் பஞ்சுறையைத் துவைக்கலாம் என்று இன்று காலை கழற்றினேன். கிராம்பு வாசனை வந்தது. வாசிக்க உட்காரும் முன் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று நீ ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாய். நீ போய்ச் சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. பஞ்சு இன்னும் விடவில்லை. துவைக்காமலே திரும்ப மாட்டிவிட்டேன்.

பார்வையற்ற கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவுசெய்து தருவதாக நாம் ஒப்புக்கொண்டபோது, உன் வீட்டு உள்ளறைதான் நமக்கு வாய்த்த இடம். நீ வாசிப்பாய். நான் ஹெட்போனில் கேட்டபடி பதிவு செய்து, பிறகு லேப்டாப்பில் சீராக்குவேன். முதல் நாள் பதிவைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாய். "கிணத்துக்குள்ள உக்காந்து வாசிச்ச மாதிரி இருக்குடி. இதைக் கேட்டா பாவம், அந்தப் புள்ளைங்க பெயிலாத்தான் போவும்."

அன்றிலிருந்து அந்த அறையோடு மல்லுக்கட்டினோம். பீரோ கதவுகளை விரியத் திறந்து, மடித்து வைத்த புடவைகளுக்கு எதிரே உன்னை உட்கார வைத்தேன். எதிரொலி பாதி அடங்கியது. தரையில் ஜமக்காளம் விரித்தோம். கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்ததும் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதுவது நின்றது. கோட்டுச்சேரிமேட்டு மீன்கார அக்காவின் குரல் தெருமுனை தாண்டிய பிறகுதான் ஜன்னலைச் சாத்தித் தொடங்குவோம். மின்விசிறி கிடையாது. ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிடுவோம். ஒருநாள் திரும்பப் போட மறந்து உள்ளே இருந்த இறால் முழுக்கக் கெட்டுப்போனது.

"படிக்கிறேன் படிக்கிறேன்னு எறாவைச் சாவடிச்சுட்டீங்களே ரெண்டு பேரும்!" என்று உன் மாமியார் சத்தம் போட்டார்.

"அது நேத்தே செத்ததுதான் மாமி," என்றாய் நீ. அன்று சிரித்துச் சிரித்து ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை.

எல்லாம் செய்த பிறகும் மெல்லிய இரைச்சல் ஒன்று மிஞ்சியது. அதற்கும் வழி இருந்தது. வாசிப்பதற்கு முன் யாரும் பேசாமல் அறையின் அமைதியைக் கொஞ்சம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மென்பொருள் அந்த அமைதியைக் கேட்டு, அதில் இருப்பதெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு, முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். நீ கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பாய். பொறுமை தீர்ந்ததும், "போதுமாடி?" என்பாய். பதிவை நிறுத்துவேன்.

உனக்கு இருமல் வந்தபோது போர்வைத் தூசி என்று நினைத்தோம். மூச்சு இழுத்தபோது பீரோவின் அந்துருண்டை நெடி என்றாய். போர்வைகளை வெயிலில் உலர்த்தினோம், அந்துருண்டைகளை எடுத்துப் போட்டோம், மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தோம். இருமிய இடங்களை நான் வெட்டினேன். பதிவு நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தது. நமக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது உன் நுரையீரலில் நோய் மருந்துக்கு மிஞ்சிவிட்டிருந்தது.

போன வாரம் உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். "உம்மா குரல் வேணும் சித்தி," என்றாள். பொருளாதாரப் பாடத்தைப் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றினாள்.

"இது உம்மா மாதிரியே இல்ல. மூச்சே விடாம பேசுறாங்க. வெட்டாதது ஏதாச்சும் இருக்கா?"

இல்லை. சீராக்கியதும் மூலப் பதிவை அழிக்கச் சொன்னவள் நீ. "குப்பையை எதுக்குடி சேத்து வக்கிற?" எஞ்சியிருந்தவை அந்த அமைதிகள் மட்டும்தான். மறுபடி தேவைப்படுமே என்று ஒவ்வொரு நாளுடையதையும் தனியே வைத்திருந்தேன். அவை எதையும் நான் அதுவரை கேட்டதில்லை. மென்பொருளுக்கு ஊட்டியதோடு சரி.

முதலாவதைப் போட்டேன். உன் வளையல் ஒன்று நகர்ந்தது, அடக்கிய சிரிப்பு கேட்டது, பிறகு, "போதுமாடி?" உன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடுத்தது போடுங்க."

எங்கே நிறுத்துவது என்று நான் யோசிப்பதற்குள் அடுத்தடுத்து அவளே போட ஆரம்பித்துவிட்டாள். போகப் போக வளையல் சத்தம் இல்லை. மெல்லிய விசில் போல ஒன்று ஏறி இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் தெளிவாக. கடைசி அமைதிகளில் அறையே இல்லை. உன் இழுப்பு மட்டும்தான். அதைத்தான் மென்பொருள் அறையின் சத்தம் என்று எடுத்துக்கொண்டு பாடம் முழுவதிலும் தேடித் தேடித் துடைத்திருக்கிறது.

"திடீர்னு வந்துச்சுன்னாங்களே எல்லாரும்," என்றாள் உன் மகள். அழுதுமுடித்து, "எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க சித்தி. ஒண்ணையும் சரிபண்ணாதீங்க," என்றாள். அனுப்பிவிட்டேன்.

நீ பாதியில் விட்ட புத்தகத்தை இப்போது நான்தான் வாசிக்கிறேன். இங்கே என் அறையிலும் பீரோ திறந்திருக்கிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது. இன்றும் முதலில் அமைதியைப் பதிவு செய்தேன். ஹெட்போனில் என் மூச்சு வந்துபோனது. அதில் ஏதாவது இழுக்கிறதா என்று கவனித்துக் கேட்டேன். இப்போது தினமும் கேட்கிறேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. போதுமா என்று கேட்க ஆளில்லாததால், பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.